நோட்டீஸில் நூறு, அப்லோடில் பத்து: புது நெட் கனெக்‌ஷன் எடுக்கிறவர்கள் கவனத்துக்கு

பாளையங்கோட்டையில் பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர் பக்கமெல்லாம் இப்போது வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து ஃபைபர் நெட் விற்கிறார்கள். "100 எம்பிபிஎஸ், அன்லிமிடெட், இன்ஸ்டாலேஷன் இலவசம், ஆறு மாதம் மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் கூடுதல்" என்று போட்டிருக்கும். அதை நம்பி ஆறு மாதப் பணம் கட்டிய எனக்கு அப்லோடு, அதாவது ஃபைலை நம்மிடமிருந்து வெளியே ஏற்றுகிற வேகம், பத்துதான் வந்தது. கம்பெனிப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. என் பணம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது. பெயர் சொல்லாததால் உங்களுக்கு நஷ்டமும் இல்லை. இதே வித்தையை வேறு ஊர்களில் வேறு ஆட்கள் செய்வதாக என் தொழில்காரர்கள் பலர் சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் தொழில் கல்யாண ஆல்பமும் வீடியோ எடிட்டிங்கும். மாடி ரூம்தான் ஆபீஸ். ஆல்பம் ஷீட்டெல்லாம் 12x36 சைஸில் கோயம்புத்தூர் லேபுக்குப் போகணும். கலர் பார்த்துத் தருகிறவர் சென்னையில் இருக்கிறார், அவருக்கு ரா ஃபுட்டேஜ் (எடிட் செய்யாத வீடியோ) போகணும். துபாயில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர்களுக்கு முழு வீடியோ லிங்க் போகணும். 4கே-யில் 100 எம்பிபிஎஸ் அளவில் பதிவாகிற கேமராவில் ஒரு மணி நேரம் எடுத்தாலே 45 ஜிபி ஆகிவிடும். அதனால் நெட் என்றாலே எனக்கு முதல் கேள்வி அப்லோடுதான். நோட்டீஸ் கொடுக்க வந்த பையனிடமும் அதைத்தான் கேட்டேன்.

"தம்பி, டவுன்லோடு இருக்கட்டும். அப்லோடு எவ்வளவு வரும்?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி. ஃபைபர்லா! ஏத்துனாலும் நூறு, இறக்குனாலும் நூறு."

"எழுத்துல கொடுப்பியா?"

"எழுத்து எதுக்கு அண்ணாச்சி? மாட்டுன உடனே உங்க கண்ணு முன்னால டெஸ்ட் போட்டுக் காட்டுதேன். பாத்துட்டு அப்புறமா ரூவா கொடுங்க."

சொன்னபடியே காட்டினான். கம்பத்திலிருந்து மெல்லிசான கறுப்புக் கேபிளை மாடி வரைக்கும் இழுத்து, பச்சை முனை வைத்த மஞ்சள் ஒயரைப் பெட்டியில் செருகினார்கள். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை நின்றது. பையன் தன் போனை ரூட்டருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஸ்பீடு டெஸ்ட் ஆப்பை ஓட்டினான். டவுன்லோடு 98, அப்லோடு 96. அதற்குப் பிறகுதான் ஆறு மாதப் பணம் கொடுத்தேன். "ஓடிபி ஒண்ணு வந்திருக்கும், சொல்லுங்க அண்ணாச்சி" என்றான். விண்ணப்பத்தில் என் கையெழுத்துக்குப் பதிலாக அந்த ஓடிபிதான் ஏறியிருக்கிறது. பேப்பர் எதுவும் தரவில்லை.

அன்று ராத்திரி ஒரு கல்யாணத்தின் 40 ஜிபி ஃபுட்டேஜை ஆன்லைன் டிரைவில் ஏற்றினேன். நிஜமாகவே 100 எம்பிபிஎஸ் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 100 எம்பிபிஎஸ் என்பது செகண்டுக்கு 12.5 எம்பி, கால்குலேட்டரில் போட்டால் 53 நிமிஷம் வரும். திரையில் இன்னும் ஒன்பது மணி நேரம் என்று காட்டியது. ரூட்டரை அணைத்துப் போட்டேன், லேப்டாப்பில் நேராக லேன் கேபிள் செருகினேன், வேறு பிரவுசரில் முயன்றேன். ஒன்பது மணி நேரம் ஒன்பது மணி நேரமாகவே நின்றது. ஒன்பது மணி நேரத்தில் 40 ஜிபி போகிறது என்றால் வேகம் சுமார் 10 எம்பிபிஎஸ்.

அப்படியானால் பையன் காட்டிய 96 எங்கிருந்து வந்தது? மறுநாள் காலையில் அதே ஆப்பைத் திறந்து நிதானமாகப் பார்த்தேன். ரிசல்ட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் எந்த சர்வரோடு பேசி அளந்தது என்று போட்டிருக்கும். அங்கே இருந்தது அதே கம்பெனியின் பெயர். சர்வர் திருநெல்வேலியிலேயே, அவர்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கிறது. டேட்டா வெளியே எங்கும் போகவில்லை. தன் கடைத் தராசில் தானே நிறுத்துக் காட்டிய கதை. சர்வரை மாற்றும் இடம் அந்த ஆப்பிலேயே இருக்கிறது. சென்னையில் வேறு கம்பெனியின் சர்வரைத் தேர்ந்தெடுத்து ஓட்டினேன்: டவுன்லோடு 91, அப்லோடு 9.7. மும்பை சர்வர் போட்டாலும் அதே கதைதான். தங்கள் நெட்வொர்க்குக்குள் சுற்றுகிற டேட்டாவைத் திறந்துவிட்டு, வெளியே போகிறதை மட்டும் பத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் கொண்டுவந்த ஃபாஸ்ட் டாட் காம் பக்கத்தையும் பாருங்கள். ஆனால் அதைத் திறந்ததும் பெரிசாக ஓடுகிற எண் டவுன்லோடு மட்டும்தான். கீழே கூடுதல் விவரத்துக்கான பட்டனை அழுத்தினால்தான் அப்லோடும், லைன் சும்மா இருக்கும்போதும் வேலை செய்யும்போதும் எத்தனை மில்லிசெகண்ட் தாமதம் என்பதும் வரும். இந்தத் தாமதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் முதலில் சண்டை வந்ததே அதனால்தான்.

நான் மாடியில் ஃபைல் ஏற்ற ஆரம்பித்தால் கீழே மகளுடைய ஆன்லைன் கிளாஸ் நின்றுவிடும். மிஸ் வாயை அசைப்பது தெரியும், குரல் வராது. டவுன்லோடுதான் 90 வருகிறதே, அது ஏன் நிற்க வேண்டும்? நம் வீட்டுக்கு வந்து சேருகிற டேட்டாவுக்கு 'வந்தது, அடுத்ததை அனுப்பு' என்று இங்கிருந்து பதில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதிலும் அப்லோடு வழியாகத்தான் போகும். பத்து எம்பிபிஎஸ் வழியை என் ஃபுட்டேஜ் முழுசாக அடைத்துக்கொண்டால் பதில்கள் ரூட்டரில் வரிசை கட்டி நிற்கும், அனுப்புகிற சர்வர் வேகத்தைக் குறைத்துவிடும். சும்மா இருக்கும்போது 20 மில்லிசெகண்ட் காட்டிய தாமதம், நான் ஏற்றும்போது 700-ஐத் தாண்டியது. வீட்டில் போன்கள் ராத்திரி தானாகவே போட்டோ பேக்கப் எடுக்கிற நேரத்தில் 'நெட் ஸ்லோ' என்று புலம்புகிறவர்கள் ஒருமுறை இதைச் சோதித்துப் பாருங்கள்.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினார். "சார், ஃபைபர் டெக்னாலஜியே அப்படித்தான் சார். டவுன்லோடுல பத்து பர்சென்ட்தான் அப்லோடு வரும்."

இது பச்சைப் பொய். பழைய டெலிபோன் லைனில் பிராட்பேண்ட் வந்த காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்ளலாம். 2005 வாக்கில் பிஎஸ்என்எல் கொடுத்தது ஏடிஎஸ்எல். செம்புக் கம்பியில் அதிர்வெண்ணைப் பிரித்து, பெரும்பகுதியை டவுன்லோடுக்கும் மிச்சத்தை அப்லோடுக்கும் ஒதுக்கினார்கள். அதன் அடுத்த தலைமுறையிலேயே டவுன்லோடு 24 என்றால் அப்லோடு 1 சொச்சம்தான். டிவி கேபிளில் வருகிற நெட்டிலும் அப்லோடுக்கான பட்டை குறுகலானது. ஆனால் நம் தெருக்களில் பரவலாக இருக்கிற ஜிபான் என்கிற வகை ஃபைபரில் ஒரு லைனின் மொத்தக் கொள்ளளவு டவுன்லோடுக்கு ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்), அப்லோடுக்கு ஏறத்தாழ 1.25. இதை 32 அல்லது 64 வீட்டுக்குப் பங்கு போடுகிறார்கள். வித்தியாசம் இரண்டுக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று என்பது கண்ணாடி இழையில் இல்லை, கம்பெனியின் கம்ப்யூட்டரில் யாரோ தட்டி வைத்த எண்ணில் இருக்கிறது.

இதற்குச் சாட்சி அவர்களே கொடுத்தார்கள். புகார் எண் வாங்கி, மெயிலும் போட்டேன். "பேக்கெண்டில் பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. அன்று ராத்திரி சென்னை சர்வரில் அளந்தால் அப்லோடு 94! வீட்டுக்கு யாரும் வரவில்லை, ரூட்டர் ஒருமுறைகூட அணைந்து எரியவில்லை. கொஞ்ச நேரத்தில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் பழையபடி 9.8. புகாரை மூடுவதற்காக ஒரு ராத்திரி திறந்துவிட்டிருக்கிறார்கள். நல்லவேளை, தூங்கப் போகுமுன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன்.

அதன் பிறகு வந்த போன்தான் விஷயத்தின் அடி ஆழம். "சார், உங்களுக்கு அப்லோடு வேணும்னா பிசினஸ் பிளான் இருக்கு. அதுல ரெண்டும் சமமா வரும்." விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு, 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. அதே பெட்டி, அதே மஞ்சள் ஒயர். காசு கட்டினால் அந்த எண்ணை மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

விலையைப் பிரித்து விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. "100-க்கு 10, இந்த விலை, 100-க்கு 100, அந்த விலை" என்று நோட்டீஸில் போட்டிருந்தால் படித்துவிட்டு வேண்டியதை எடுத்திருப்பேன். நேரடியாகக் கேட்ட கேள்விக்கு ரெண்டும் ஒண்ணு என்று சொல்லி, அதற்கென்றே வைத்திருக்கிற சர்வரில் டெஸ்ட் காட்டி, ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டுப் பிறகு பிசினஸ் பிளான் பற்றிப் பேசுவதற்குப் பெயர் வியாபாரம் இல்லை.

இதில் அரசு விதியும் நமக்குப் பெரிய துணை இல்லை. 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து (சுமார் அரை எம்பிபிஎஸ்) 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தினார்கள். அந்த வரையறை டவுன்லோடைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அமெரிக்காவில் 2015-இல் டவுன்லோடு 25, அப்லோடு 3 என்று வைத்திருந்தார்கள். 2024-இல் அதை 100, 20 என்று மாற்றினார்கள். அளவு கூடுதலோ குறைவோ, அங்கே இரண்டாவதாக ஒரு எண் இருக்கிறது. இங்கே அந்த எண்ணை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லோருக்கும் இது பெரிய விஷயமா என்றால், இல்லை. யூடியூப், ஓடிடி, வாட்ஸ்அப் வீடியோ கால் என்று இருக்கிற வீட்டுக்குப் பத்தே தாராளம். நல்ல தரத்தில் ஒரு வீடியோ மீட்டிங்குக்குக்கூட 4 எம்பிபிஎஸ் போதும். ஆனால் வீட்டிலிருந்து டியூஷன் எடுக்கிறவர்கள், வேலை ஃபைல் ஏற்றுகிறவர்கள், நாலு சிசிடிவி கேமராவை கிளவுடில் போட்டிருக்கிறவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்றாலே நாலுக்கு 8, ராத்திரி பகலாக. ஏர்ஃபைபர் என்று 5ஜியில் வருவதற்கும் இதே எச்சரிக்கை. பெயரில்தான் ஃபைபர், வீட்டுக்கு வருவது ரேடியோ அலை. அதில் நேரத்தைப் பங்கு போட்டுப் பெரும்பகுதியை டவுன்லோடுக்கே கொடுக்கிறார்கள். அன்லிமிடெட் என்பதிலும் பெரும்பாலும் மாதத்துக்கு 3.3 டிபி (3,300 ஜிபி) போல ஒரு வரம்பு இருக்கும், நாம் ஏற்றுவதும் அதில் கழியும்.

பணம் கொடுக்குமுன் நீங்கள் செய்ய வேண்டியது: "வெளி சர்வரில் அப்லோடு எவ்வளவு?" என்று கம்பெனியின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மெயிலுக்கோ எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். டெஸ்ட்டை உங்கள் போனில், நீங்கள் தேர்ந்தெடுத்த சர்வரில் ஓட்டச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, ஒரு ஜிபி ஃபைலை அவர்கள் முன்னாலேயே டிரைவில் ஏற்றிப் பார்ப்பது. 100 எம்பிபிஎஸ் இருந்தால் ஒன்றரை நிமிஷத்தில் முடியும், 10 என்றால் கால் மணி நேரம் ஆகும். ஒரு டீ குடிக்கிற நேரம் அந்தப் பையனை உட்கார வையுங்கள். முதல் மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள், இலவச மாதத்துக்காகக்கூட.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் புகார் எண்ணை விடாமல் வாங்குங்கள். கம்பெனியின் பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். டெலிகாம் வழக்கை நுகர்வோர் கோர்ட்டில் எடுக்க மாட்டார்கள் என்று கஸ்டமர் கேரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பே சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

எனக்கு 1915-இல் பதிவு செய்த பிறகுதான் அசைந்தார்கள். மிச்ச மாதங்களுக்கான பணத்தில், நோட்டீஸில் இலவசம் என்று போட்டிருந்த இன்ஸ்டாலேஷனுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். அந்தக் கழிவுக்காகத்தான் இப்போது மேல்முறையீடு. போன வாரம் ஒரு பையன் பெட்டியை வாங்கிப் போக வந்தான். சீரியல் நம்பர் போட்டு ரசீது கேட்டேன். "ரசீது ஆபீஸ்ல வந்து வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி" என்றான். பெட்டி இன்னும் என் மாடியில்தான் இருக்கிறது.