கும்பகோணமா, மாயவரமா, மன்னார்குடியா, திருவாரூரா: டெல்டாவில் எங்கே வீடு வாங்கலாம்?

டெல்டாவில் பழைய ஊர் ஒன்றில் வீடு வாங்கிக் குடியேற நினைப்பவர்கள் வாயில் முதலில் வருவது கும்பகோணம். அதில் தப்பில்லை. ஆனால் கையிருப்பு அளவானது என்றால் மாயவரம் என்கிற மயிலாடுதுறை, மன்னார்குடி, திருவாரூர் மூன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோயிலுக்கும் குளத்துக்கும் நான்கு ஊரிலும் குறைவில்லை. அதனால் ஆஸ்பத்திரி, ரயில், தண்ணீர், பத்திரம் ஆகியவற்றை வைத்தே எடை போடுகிறேன்.

கும்பகோணத்தின் பலம், எதற்கும் வெளியூர் ஓட வேண்டாம் என்பது. பெரிய கடைத்தெரு, அரசுத் தலைமை மருத்துவமனை, தனியார் கிளினிக்குகள், 1854-ல் தொடங்கிய அரசுக் கல்லூரி, சென்னைக்கும் திருச்சிக்கும் நேர் ரயில். எழுபது வயதில் வண்டி எடுக்காமல், நடந்தும் ஆட்டோவிலும் காலத்தை ஓட்டிவிடலாம். ஆனால் அந்த வசதிக்கெல்லாம் சேர்த்துத்தான் விலை கேட்கிறார்கள். முகூர்த்த நாளிலும் வார விடுமுறையிலும் நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிற வேன்களுக்கும் இதுதான் தங்குமிடம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டைப் போய்ப் பாருங்கள். அந்த மாதிரி திண்ணை வைத்த ஓட்டு வீட்டில் அமைதியாக வாழத்தான் நாம் ஆசைப்படுகிறோம். அந்தத் தெருவிலேயே இன்று அமைதி கிடையாது. 2028-ல் மகாமகம் வேறு வருகிறது. அதற்குள் விலை இறங்கும் என்று நான் நம்பவில்லை.

கும்பகோணம்தான் வேண்டும், விலை கட்டுப்படியாகவில்லை என்பவர்கள் கிழக்கே எட்டு ஒன்பது கிலோமீட்டரில் உள்ள திருவிடைமருதூரைப் பார்க்கலாம். திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ரயில் நிலையமும் உண்டு. ஒரு வீடு பிடித்துப்போனால் உடனே கேட்க வேண்டியது ஒன்றுதான்: மனை யாருடையது?

டெல்டாவின் பழைய ஊர்களில் வீடு ஒருவருடையது, அடிமனை, அதாவது வீடு நிற்கிற நிலம், கோயிலுடையதோ மடத்துடையதோ என்பது சர்வசாதாரணம். மூன்று தலைமுறையாகக் குடியிருப்பார்கள். வீட்டு வரியும் கரண்ட் பில்லும் அவர்கள் பெயரில் இருக்கும். மனைக்கு மட்டும் அடிமனை வாடகை கட்டிவருவார்கள். கோயில் நிலத்தை உரிய அனுமதி இல்லாமல் கிரயம் செய்ய முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டி சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பிவிடுவார். விற்கிறவரோ, "பாத்தியதைய எழுதித் தர்றேன், இங்க எல்லாரும் இப்படித்தான் வாங்கியிருக்காங்க" என்பார். எழுதித் தருவது கட்டடத்தின் பாத்தியதை, அதாவது உரிமை மட்டுமே. அதை நம்பி பேங்க் லோன் கொடுக்காது, வாடகையை ஏற்றினால் கட்டத்தான் வேண்டும், நாளைக்குப் பிள்ளைகள் விற்கப் போனால் இதே சிக்கல் அவர்கள் தலையில் விழும். விலை குறைவு என்று தயவுசெய்து மயங்கிவிடாதீர்கள். என் கணக்கில் அது பெரிய அட்வான்ஸ் கொடுத்து வாடகைக்குப் போவது. நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) எங்கே, குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) என்ன சொல்கிறது என்று வக்கீல் பார்த்துச் சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.

சரி, மயிலாடுதுறை. 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா' என்பார்கள். ரயில் விஷயத்தில் அது இன்றும் சரி. விழுப்புரம், தஞ்சாவூர், திருவாரூர் என்று மூன்று பக்கமும் பாதை பிரிகிற ஜங்ஷன். 2020 டிசம்பரில் தனி மாவட்டம் ஆனபின் மனை விலைக்கும் அந்த மிடுக்கு வந்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மட்டும் இல்லை. பெரிய அவசரம் என்றால் சிதம்பரமோ திருவாரூரோ தஞ்சாவூரோ போக வேண்டும். வயதானவர்களை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஊரை நான் முதலில் சொல்ல மாட்டேன்.

மன்னார்குடிக்குப் போனால் மனசு தடுமாறும். சுமார் 23 ஏக்கரில் ஹரித்ராநதிக் குளம், ராஜகோபாலசுவாமி கோயிலின் மதில், அதைச் சுற்றி அகலமான வீதிகள். ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று முழுசாக இருக்கும் வீடுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. 2011-ல் ரயில் திரும்ப வந்தது. சென்னைக்கும் கோவைக்கும் நேர் வண்டி உண்டு.

ஆனால் பழைய வீட்டை வாங்குகிறவர் கூரைக்கும் சேர்த்து பட்ஜெட் போட வேண்டும். உத்திரத்தைத் தட்டிப் பார்த்தால் கரையான் தெரியும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்றால் மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பது பிற்பாடு சண்டையாகும். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தப் பக்கத்து ஓட்டுக் கூரைகளை என்ன பாடு படுத்தியது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்புறம், பங்காளிகள் நாலு ஊரில் இருப்பார்கள்; வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடாத கிரயம் வேண்டாம்.

புது மனைதான் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. ஊருக்கு வெளியே உள்ள மனைப் பிரிவுகள் பல, வயலைத் தூர்த்துப் போட்டவை. களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்தால் சுவரில் விரிசல் விடும். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணைக் கேளுங்கள், மழைக்காலத்தில் போய்த் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

என் ஓட்டு திருவாரூருக்கு. 2010-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது. நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருப்பதால் மாடி போர்ஷனை வாடகைக்கு விடவும் ஆள் கிடைக்கும். தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், காரைக்குடி என்று நான்கு திசையிலும் ரயில். இத்தனை இருந்தும் கும்பகோணத்தின் நெரிசல் இங்கே இல்லை, சாயங்காலம் கமலாலயக் குளக்கரையில் நிம்மதியாக நடக்கலாம். கடைத்தெரு சின்னதுதான், கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கும்பகோணம்தான் போவீர்கள். கிழக்கே போகப் போக நிலத்தடி நீர் உப்பு ஏறும். ஆகவே போர் தண்ணீரைக் கோடையில் ஒரு முறை குடித்துப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

எந்த ஊரானாலும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். 40 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 3 லட்சத்து 60 ஆயிரம். பெண்கள் பெயரில் வாங்கினால், 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறையும். முடிந்தால் ஐப்பசியில் இருந்து தை பிறக்கும் வரை அங்கேயே வாடகைக்கு இருங்கள். அந்த மூன்று மாதத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டு அடிமனை கோயிலுடையது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள்.