வீராவுக்குப் பூசிய சீம் சீலர்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

கோலாலம்பூரில் சாயங்கால மழை எப்படிக் கொட்டும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மழை பெய்து ஓய்ந்தால் என் புரோட்டோன் வீரா காரின் பின் டிக்கியை (இங்கே பூட் என்போம்) திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்பேர் டயர் குழிக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பின் பேனலும் தரைத் தகடும் சேரும் மூலையில் நான் பூசிய சீம் சீலர், அதாவது தகடுகளின் இணைப்பை அடைக்கும் பசை, விரிசல் விடவில்லை, ஓரம் கிளம்பவில்லை, மேலே அடித்த பெயிண்ட்கூட உரியவில்லை. 2009-இல் உற்பத்தி நின்றுபோன வண்டியில் இப்படி ஒரு காய்ந்த டிக்கியைப் பார்ப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

இந்த வேலை எனக்கு வந்ததே இன்னொருவர் செய்த அநியாயத்தால்தான். பின்னால் இடி வாங்கிய வண்டிக்குப் பேனல் மாற்றிக் கொடுத்த ஒரு ஒர்க்‌ஷாப், இணைப்பு முழுவதையும் பாத்ரூம் சிலிகானால் அடைத்திருந்தது. காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்ய எப்படி மனம் வந்தது என்று இன்றும் கோபம் வருகிறது. காடி நாற்றம் அடிக்கும் அந்தச் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். வெறும் இரும்பின் மேல் அது பட்டால் துருவுக்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி. சிலிகான் மேல் பெயிண்டும் நிற்காது, பக்கத்தில் அடித்தால்கூட வட்ட வட்டமாக ஒதுங்கிக்கொள்ளும்.

கார் உடலில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, புள்ளி புள்ளியாக வெல்டிங்கில் பிடித்திருக்கின்றன. புள்ளிகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். தண்ணீரை ஊற்றவே வேண்டாம், அந்த இடைவெளி தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். போன தண்ணீர் சீக்கிரம் வெளியே வராது. கண்ணுக்குத் தெரிகிற துருவைவிட இந்த மடிப்புக்குள் உட்கார்ந்திருக்கும் துருதான் வண்டியைத் தின்கிறது. அதனால் சீலர் என்பது அழகுக்காகப் பூசுகிற கோடு இல்லை.

பழைய சிலிகானை எடுப்பதற்கே பாதிப் பொறுமை போனது. சேண்ட்பேப்பரை முதலில் தொடக் கூடாது, தேய்த்தால் சிலிகான் நாலாபக்கமும் பரவிவிடும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் முடிந்தவரை சுரண்டி, கிரீஸ் ரிமூவரில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, துணியையும் மாற்றி மாற்றி, அதற்குப் பிறகுதான் துருவைச் சுத்தம் செய்து எப்போக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தேன். பிரைமர் காய்ந்து, லேசாகத் தேய்த்த பிறகே சீலர். வெறும் தகட்டின் மேல் பூசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எந்தச் சீலர் என்பதில்தான் நம் ஊர் விஷயம் வருகிறது. கடைகளில் அதிகம் கிடைப்பது ஒற்றை டியூப் பாலியூரித்தேன். ஒட்டும் பலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிற பொருள், அப்போது உள்ளே கரியமில வாயு உண்டாகும். நம் புழுக்கத்தில், அதுவும் தகடு சரியாகக் காயாமல் இருந்தால், கோட்டில் குமிழி கிளம்பிவிடும். குமிழி உடைந்த இடத்தில் திரும்பவும் தண்ணீருக்கு வாசல். அதோடு அதில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் மூச்சுக்கு நல்லதல்ல, ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டவே போகக் கூடாது.

நான் எடுத்தது எம்எஸ் பாலிமர் வகை. இதுவும் ஈரத்தில்தான் இறுகும், ஆனால் அந்த வாயுத் தொல்லை இல்லை, ஐசோசயனேட்டும் இல்லை. ஜப்பானின் கனேகா நிறுவனம் கொண்டுவந்த பாலிமர் இது. அந்த நிறுவனத்துக்குக் குவாந்தான் பக்கத்தில் கெபேங்கில் தொழிற்சாலை இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏதோ சொந்த ஊர்ச் சரக்கு மாதிரி ஒரு பிரியம் வந்துவிட்டது. சிலிகான் கன்னில் போட்டு அழுத்தினால் சீராக வருகிறது, செங்குத்தான தகட்டில் வழியவில்லை. வண்டிக்கு அடிக்கும் டூ-கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அதன் மேல் நன்றாகப் பிடிக்கிறது. சாதாரண எண்ணெய்ப் பெயிண்டை மட்டும் அதன் மேல் அடிக்க வேண்டாம், பிசுபிசுவென்று காயாமல் கிடக்கும்.

சீலர் கம்பெனியின் டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி நிதானமாக வேலை செய்யாதீர்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்கு. இங்கே நிழலிலேயே 30-க்கு மேல், ஈரப்பதமும் அதைவிட அதிகம். மேலே தோல் கட்டிவிட்ட பிறகு விரலையோ பிரஷ்ஷையோ வைத்தால் கோடு கிழியும். அதனால் ஒரு முழம் பூசு, உடனே நீவு, அப்புறம் அடுத்த முழம். மேலே தோல் கட்டியதால் உள்ளே இறுகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். தடித்த கோடு முழுதாக இறுக நாள் எடுக்கும்.

இவ்வளவு புகழ்ந்தாச்சு. இப்போது என்னை இன்னும் வாட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். டியூப் 310 மில்லி. ஒரு பூட் மூலைக்கும் ஒரு சக்கர வளைவுக்கும் அதில் கொஞ்சம்தான் செலவாகும். மிச்சம்? மூக்கில் ஸ்க்ரூ திருகிப் பார்த்தேன், டேப் சுற்றினேன், வாஸ்லின் அடைத்தேன், பையில் கட்டி ஃபிரிட்ஜில்கூட வைத்தேன், வீட்டில் திட்டும் வாங்கினேன். அடுத்த வேலைக்கு எடுத்தால் மூக்கிலிருந்து உள்ளே வரை ரப்பர். பாத்ரூம் சிலிகானைவிடச் சில மடங்கு விலை கொடுத்து வாங்கிய பொருளில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போகிறது. எந்தப் பிராண்டை எடுத்தாலும் இதே கதைதான், ஈரத்தில் இறுகுகிற பொருளை ஈரம் நிறைந்த ஊரில் திறந்தால் வேறென்ன நடக்கும். ஆனால் சின்ன டியூபாகக் கடைகளில் வைத்திருந்தால் என்ன? நான் கேட்ட கடையிலெல்லாம் "வேணாம்னா பக்கத்துக் கடையில பாருங்க பாஸ்" என்றுதான் பதில்.

இரண்டு கலவை தனித்தனியாக இருக்கும் டூ-கே எப்போக்ஸி சீலரில் இந்தத் தொல்லை குறைவு. மூக்குக்குள் வந்துதான் இரண்டும் கலக்கும், பழைய மூக்கை மூடிபோல விட்டுவிட்டு அடுத்த தடவை புது மூக்கு போட்டால் போதும். ஆனால் அதற்குத் தனி கன் வேண்டும், விலையும் ஏறுகிறது. வீட்டில் எப்போதாவது வேலை செய்கிறவனுக்குக் கட்டுமா?

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தம்பி போன வாரம் கேட்டான். அவன் கான்சில் காரின் கதவு அடி மடிப்பில் துரு, கடல் காற்று வேறு. "அண்ணே, நீங்க பூசினதையே நானும் வாங்கவா?"

வாங்காதே என்றுதான் சொன்னேன். பொருள் அருமை, என் வண்டியே சாட்சி. ஆனால் ஒரு கதவு மடிப்புக்கு நூல் அளவு கோடு போதும், அதற்காக ஒரு முழு டியூபைக் கல்லாக்க வேண்டாம். டியூப் திறந்து தினமும் வேலை நடக்கிற நல்ல ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்துக் கொடு, பக்கத்திலேயே நில், பெயிண்ட் அடிக்கத் தக்கது என்று டியூபில் எழுதியிருக்கிறதா என்று நீயே படித்துப் பார். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள் என்றால், திறந்து கொடுக்கும்வரை காசை எடுக்காதே.