ஸ்டார்டியூ வேலியில் குறுவையும் சம்பாவும்: மோட் போட்டு ஆடியவன் மோட் செய்யத் தொடங்கிய அனுபவம்

ஸ்டார்டியூ வேலி 2016இல் வந்த விவசாய விளையாட்டு. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கியது. பல வருடங்களாக அதை மோட், அதாவது ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் பொதிகள், போட்டுத்தான் ஆடி வருகிறேன். நெக்சஸ் மோட்ஸ் தளத்தில் இறக்கி, மோட்ஸ் ஃபோல்டரில் போட்டு, மோட்களை ஏற்றும் ஸ்மாப்பி என்ற கருவி வழியாக விளையாட்டைத் திறந்தால் வேலை முடிந்தது. புது ஊர், புது மனிதர்கள், புது மரச்சாமான் என்று எல்லாம் பிறர் உழைப்பில் வந்தன.

சொந்தமாகச் செய்யத் தூண்டியது நெல்தான். விளையாட்டில் ஏற்கெனவே நெல் உண்டு. வசந்தத்தில் நட்டால் 8 நாளில் விளையும். தண்ணீரிலிருந்து 3 கட்டத்துக்குள் நட்டால் ஊற்ற வேண்டிய வேலையே இல்லை, 6 நாளில் அறுவடை. கடைமடைக்காரர்களுக்கு இதற்கு விளக்கமே தேவைப்படாது. ஆனால் ஒரே ஒரு நெல்! ஆடுதுறைப் பக்கம் பிறந்தவனுக்கு ஒரு நெல் எப்படிப் போதும்? எங்களுக்குக் குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று பட்டம். ஊரிலேயே 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

பயிர் சேர்க்க கன்டென்ட் பேட்சர் என்ற மோட் போதும், நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேனிஃபெஸ்ட், கன்டென்ட் என்று விவரங்களை எழுதிவைக்கும் இரண்டு ஜேசன் உரைக் கோப்பு, கூடவே படங்கள், அவ்வளவுதான். நன்றாக ஓடும் ஒரு சின்ன மோடைத் திறந்து, அதில் ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் என்னைக் கேட்டால் சிறந்த தொடக்கம். இத்தனை நாளும் ஃபோல்டரில் கிடந்ததை அன்றுதான் வாசிக்கிறோம்.

பயிர் விவரத்தில் 'பேடி கிராப்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை 'ட்ரூ' (ஆம்) என்று வைத்தால் தண்ணீர் விதி தானாக வந்துவிடுகிறது. அதற்குப் பக்கத்தில் வளர்ச்சியின் ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை நாள் என்று ஐந்து எண்கள். என் உழைப்பில் பெரும்பகுதி அந்த ஐந்து எண்ணில்தான் போனது. குறுவை ரகமான ஆடுதுறை 43 சுமார் 110 நாள் நெல், சம்பா ரகமான சி.ஆர். 1009 கிட்டத்தட்ட 160 நாள். பத்தில் ஒரு பங்காக்கினால் 11, 16. எந்த ரகமானாலும் கதிர் உருவாவதற்கு ஏறக்குறைய 35 நாள், பூத்து முற்றுவதற்கு 30 நாள். வயது கூடுவதெல்லாம் பக்கத் தண்டு விட்டுத் தூர் கட்டும் காலத்தில்தான். அதனால் குறுவைக்கு 1, 1, 3, 3, 3. சம்பாவுக்கு 2, 2, 6, 3, 3. விளையாடுகிறவர் இதைக் கவனிக்காமல் போகலாம். எனக்கு இது சரியாக இருக்க வேண்டும்.

படம் வரைய லிப்ரெஸ்பிரைட் என்ற மென்பொருள், இலவசம். ஒரு பயிருக்கு 8 கட்டம், ஒவ்வொன்றும் 16 புள்ளி அகலம், 32 புள்ளி உயரம். வரையும்போது பெரியப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். "நட்டவுடனே இவ்வளவு கரும்பச்சையா நிக்குமாப்பா? நாத்து சோர்ந்து மஞ்சளிச்சு, அப்புறந்தானே பச்சை புடிக்கும்?" என்றார். கதிர் வெளிவருவதற்கு முந்தைய தொண்டைக்கதிர் நேரத்தில் மேல் இலையடி புடைத்திருப்பதைக் காட்ட இரண்டே புள்ளி கிடைத்தது. அந்த இரண்டு புள்ளியை எங்கே வைப்பது என்று அவருக்கும் எனக்கும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச்சு ஓடியது.

சம்பா இலையுதிர் காலத்தில் நட்டு குளிர்காலத்தில் அறுப்பது. பருவம் மாறினால் பயிர் செத்துவிடும் என்பது விளையாட்டின் விதி; பருவப் பட்டியலில் இரண்டையும் எழுதிவிட்டால் பிழைக்கும். பனி மூடிய தரையில் நெல் நிற்பது கண்ணுக்கு ஒட்டவில்லை. குளிர்காலத் தரைப் படத்தையும் மாற்றி மார்கழி வயலாக்கினேன்.

நீண்ட நாள் பயன்படுத்தியதில் மிகவும் பிடித்தது 'பேட்ச் ரீலோட்' கட்டளை. விளையாட்டை மூடாமலே மாற்றம் தெரிகிறது. ஸ்மாப்பி ஜன்னலில் பிழையைச் சொல்லும் சிவப்பு வரிகளைப் பார்த்தால் முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது முதலில் படிப்பதே அதைத்தான். எந்த மோட், எந்தக் கோப்பு என்று தெளிவாகச் சொல்கிறது. 2024 மார்ச்சில் விளையாட்டின் 1.6 பதிப்பு வந்தபோது பயிர் விவரம் எழுதும் முறையே மாறி, பழைய மோட்கள் பல நின்றுபோயின. சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து அவற்றைத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு நான் உண்மையிலேயே கடன்பட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் ஒரு மோடை இறக்கினால் செய்தவருக்கு நாலு வரி எழுதாமல் விடுவதில்லை. இன்னொருவர் வரைந்த படத்தை எடுப்பதென்றால் கேட்டுவிட்டுத்தான்.

பெரிய குறை தமிழ் எழுத்து. புது மொழி சேர்க்க வழி இருக்கிறது, ஆனால் எழுத்துரு வெறும் படத் துண்டுகள். குறிகளை வந்த வரிசையிலேயே ஒட்டிவைக்கும். எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. நெல்லின் பெயரை இப்போதைக்கு ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்தது உளுந்து. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள் ஈரத்திலேயே உளுந்து தெளிப்பது எங்கள் வழக்கம். விளையாட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு பயிர்தான், ஜேசனால் அதை மாற்ற முடியாது. ஸ்மாப்பியில் சி ஷார்ப் மொழியில் நிரல் எழுதினால்தான் முடியும். அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தெளித்த உளுந்து எத்தனை நாளில் முளை காட்ட வேண்டும் என்ற எண்ணைப் பெரியப்பா ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.