உள்நாட்டில் விழுந்த கடற்பறவையை அடையாளம் காண மெர்லின் செயலி: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் கட்டணமின்றி வழங்கும், பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியைப் பறவை நோக்குவோருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரம், தேரூர், வேம்பனூர் குளங்களிலும் புத்தளம் உப்பளங்களிலும் நாம் வழக்கமாகக் காணும் பறவைகளுக்கு அது நம்பகமான துணை. இங்கு நான் மதிப்பிட விரும்புவது அதன் மிகக் கடினமான பயன்பாட்டை: தென்மேற்குப் பருவமழையின்போது பலத்த காற்றில் அடித்துவரப்பட்டு, கடல் கண்ணுக்கே தெரியாத குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கங்களில் விழுந்துகிடக்கும் கடற்பறவையை இச்செயலியைக் கொண்டு அடையாளம் காண முடியுமா?

முடியும். ஆனால் செயலி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தே பயன்படுத்த வேண்டும். பறவையைப் பார்த்த இடம், நாள், அதன் அளவு, நிறம், செயல் ஆகிய ஐந்தையும் கேட்டபின், ஈ-பேர்டு தளத்தில் உலகெங்கும் உள்ள பறவை நோக்குவோர் பதிந்த தரவுகளின் அடிப்படையில், அந்த இடத்தில் அந்தப் பருவத்தில் காணக்கூடிய பறவைகளை மெர்லின் முன்னிறுத்துகிறது. தேரூர்க் குளத்து மீசை ஆலா (ஆங்கிலத்தில் டெர்ன்) போன்ற நீர்ப்பறவைக்கு இந்த முறை மிகச் சிறப்பாகப் பொருந்தும். திசைமாறி வந்த கடற்பறவையோ அந்த இடத்துப் பதிவுகளில் இல்லாதது. இடத்தை உண்மையாகச் சொல்லச் சொல்ல அது பட்டியலில் பின்னுக்குப் போகும்.

இதற்கு எளிய வழி உண்டு. கேள்விகளை விட்டுவிட்டு ஒளிப்படத்தைக் கொடுத்து, இடத்தைக் கன்னியாகுமரிக் கடற்கரை என்றோ லட்சத்தீவு என்றோ மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு ஜூலை மாதத்தில், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர், "சாரே, பாக்கதுக்குக் காக்கா கணக்கா இருக்கு, ஆனா காலு வாத்துக் காலு" என்று சொல்லி அனுப்பிய படங்களை இவ்வாறு கொடுத்தபோது, இளம் சூட்டி டெர்ன் என்ற விடை முதலிடத்தில் வந்தது. லட்சத்தீவின் பிட்டித் தீவில் கூடுகட்டும் ஆலா இனம் அது; வளர்ந்த பறவை மேலே கருமையும் கீழே வெண்மையுமாக இருக்க, இளம் பறவை மட்டும் மார்பு வரை புகைக்கரி நிறமாய், முதுகில் வெண்புள்ளிகளுடன் இருப்பதால், ஆலாவையே நன்கறிந்தவர்கூட ஒரு கணம் தடுமாறக்கூடும்.

செயலியின் விடையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், அது காட்டும் ஒப்பீட்டுப் படங்களைக் கொண்டு நாமே சரிபார்ப்பதுதான் முறை. மெர்லினின் உண்மையான மதிப்பை நான் உணர்வது இந்த இடத்தில்தான். வயது வாரியாகப் படங்களும் சுருக்கமான விளக்கமும் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன. கரும்பழுப்பு நிறத்தை மட்டும் பார்த்தால் பிரவுன் நாடி என்னும் வேறொரு கடற்பறவை என்று எண்ணத் தோன்றும். ஆனால் நாடியின் வால் ஆப்பு வடிவிலானது, ஆலாவின் வால் பிளவுபட்டது. வளர்ந்த பறவையாயின் பிரைடில்டு டெர்ன் என்னும் மற்றோர் ஆலாவிலிருந்து பிரித்தறிய நெற்றியைப் பார்க்க வேண்டும்: சூட்டி டெர்னில் நெற்றியின் வெண்மை கண்ணருகே நின்றுவிடும், பிரைடில்டு டெர்னில் அது மெல்லிய புருவமாகக் கண்ணைத் தாண்டிச் செல்லும், அதன் முதுகும் கருமையாக இல்லாமல் சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். ஆகவே படம் எடுப்பவர் முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம், பின்கழுத்து, முதுகு, வால் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். மங்கலான ஒரே படத்தைக் கொடுத்துவிட்டுச் செயலியைக் குறைசொல்வது நியாயமாகாது.

மெர்லின் தராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதன் விடை ஒரு பரிந்துரைதான். அறிவியல் பதிவாக அது நிலைபெற, படங்களையும் விளக்கத்தையும் ஈ-பேர்டில் சேர்க்க வேண்டும். அங்கே அரிய பறவைகளின் பதிவுகளை அந்தந்தப் பகுதியை அறிந்த தன்னார்வலர்கள் பரிசீலிக்கிறார்கள். அப்போது இடத்தைத் திரும்பவும் உண்மையான இடமாகவே பதிய வேண்டும். லட்சத்தீவு என்று விட்டுவிட்டால், பேச்சிப்பாறையில் கண்டது என்ற அந்தப் பதிவின் முழுச் சிறப்பும் போய்விடும். தூத்தூர், வள்ளவிளை ஆழ்கடல் மீனவர்களிடம் படத்தைக் காட்டுவதையும் நான் வலியுறுத்துவேன். நாம் திரையில் காணும் இப்பறவைகளை அவர்கள் கடலில் நேரில் கண்டவர்கள்.

பறவை உயிருடன் இருந்தால் அடையாளம் காண்பது இரண்டாவது வேலை. சூட்டி டெர்னின் இறகுகள் தண்ணீரைத் தாங்கும் தன்மை குறைந்தவை. கடற்பறவைதானே என்று இரக்கத்தோடு குளத்தில் விட்டால் நனைந்து இறந்துபோகலாம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில், தொந்தரவின்றி வைத்து வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்; வாயைத் திறந்து மீனைத் திணிக்கக்கூடாது.

கடற்பறவைகள் உள்ளே வரும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களுக்கு முன்பே இந்தியப் பறவைத் தொகுப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் இணையமின்றியே செயலி இயங்கும். கோதையாறு மலைப்பகுதியில் அலைபேசிச் சமிக்ஞையை நம்பியிருக்க வேண்டியதில்லை.