சாபோ கோழி வாங்கப் போகிறவர்களுக்கு: குட்டைக்கால் சோடி எடுக்காதீர்கள்

உப்புவெளியில் இருக்கிற நண்பன் கேட்டான், "மச்சான், சாபோ விலை இறங்கியிருக்காம், ஒரு சோடி எடுக்கவா?" என்று. போனில் கதைத்து முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சாபோ என்பது அழகுக்காக வளர்க்கிற ஜப்பானியக் குட்டிக் கோழி இனம். உருவத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. தலைக்கு மேலே நிமிர்ந்த வால், பெரிய கொண்டை, கால் இருக்கிறதா என்றே தெரியாத நடை, எல்லாம் படத்தில் பார்த்திருப்பீர்கள். என் கோபம் முழுக்க அந்தக் காலில்தான்.

குட்டைக் கால் ஒரு மரபணுவால் வருவது. அது தாய் தகப்பனில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் கால் குட்டையாகும், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துவிட்டால் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். ஆகவே சேவலும் பேடும் குட்டைக் காலாக இருந்தால் கரு பிடித்த முட்டையில் சராசரியாக நாலில் ஒன்று போய்விடும், இரண்டு குட்டைக்காலாக வரும், மிச்சம் ஒன்று நீட்டுக்கால். தீனியை மாற்றினாலும் விற்றமின் கொடுத்தாலும் ஊர்க்கோழியில் அடை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எனக்கு விற்றவர் இரண்டையும் குட்டைக் காலாகத் தந்து, "ஒரிஜினல் சோடி" என்று கூடுதல் காசும் வாங்கினார், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடை வைத்து ஒரு கிழமையில் இருட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நல்ல முட்டையில் சிலந்திக் கால் மாதிரி நரம்பு பரவி நடுவில் கரு அசையும், செத்ததில் இரத்தம் ஒதுங்கி ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரியும். ஒவ்வொரு அடையிலும் அந்த வளையத்தைப் பார்க்க வயிறு எரிகிறது.

அதைவிட அநியாயம், நீட்டுக்கால் குஞ்சைக் 'கலப்பு' என்று கழித்துவிடுவது. அது கலப்பே இல்லை, அதே தாய் தகப்பனுக்குப் பிறந்த சுத்தமான சாபோ. கண்காட்சியில் எடுபடாது, அவ்வளவுதான். குட்டைக்கால் சேவலோடு நீட்டுக்கால் பேட்டை விட்டால் இந்தக் காரணத்தால் ஒரு முட்டையும் சாகாது, பாதிக் குஞ்சு குட்டைக்காலாக வரும். அதாவது குட்டைக்கால் குஞ்சு இரண்டு வழியிலும் ஒரே அளவுதான் கிடைக்கிறது! பிறகு எதற்கு அந்த நாலில் ஒன்றைச் சாகக் கொடுக்க வேண்டும்?

மாரியும் சும்மா விடாது. கார்த்திகை, மார்கழியில் நிலம் ஈரமானால் நெஞ்சு மயிரும் இறக்கை நுனியும் சேற்றில் இழுபடும். கூட்டுத் தரையை உயர்த்தி, உமி போட்டு, நனைய நனைய மாற்ற வேண்டும். நுளம்பு பெருகினால் கோழி அம்மை வரும், கொண்டையெல்லாம் கொப்புளம். மழைக்கு முன்னமே தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஆனி, ஆடியில் நிழலும் தண்ணீரும் இருந்தால் போதும், இவை தாக்குப்பிடிக்கும், அந்தப் பெரிய கொண்டை உடம்புச் சூட்டை வெளியே விடுகிறது. கால் குட்டை என்பதால் கீரைப்பாத்தியைக் கிளறி நாசமாக்குவது குறைவு. பேடு அடை கிடந்தால் எழும்பவே மனம் வராது, யாருடைய முட்டையை வைத்தாலும் தன் குஞ்சாகவே வளர்க்கும். சேவலுக்கு முன்னால் கறையான் புற்றை உடைத்துப் போட்டால், ஒன்றை அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டு, பேடு வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே நிற்கும். என் வளவில் நிற்கிற எந்தக் கோழியையும்விட எனக்கு இவற்றில்தான் பிரியம், எவ்வளவு தந்தாலும் விற்க மாட்டேன்.

ஆனாலும் இப்போது கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன், நேற்று இரவும் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். கேட்காமல் எடுக்கத்தான் போகிறாய் என்றால் குட்டைக்கால் சேவல் மட்டும் எடு. என்னிடம் நீட்டுக்கால் பேடுகள் நிற்கின்றன, தை பிறந்து நிலம் காய்ந்ததும் வந்து ஒன்றைக் கொண்டுபோ, காசு வேண்டாம்.