மொசார்ட்டா, பீத்தோவனா, கிளமென்டியா: அடுத்து எதை எடுப்பது?

மூன்று வருடம் கீபோர்டு கற்று, இரண்டு கையும் ஓரளவு தனித்தனியாக ஓடத் தொடங்கிய பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பது? சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் அக்கா மகள் இந்தக் கட்டத்தில்தான் வந்து நின்றாள். கையில் மொசார்ட்டின் சி மேஜர் சோனாட்டா (பல பகுதிகள் கொண்ட படைப்பு), கே. 545. அந்த எண் பின்னாளில் பிறர் தொகுத்த பட்டியலில் உள்ளது.

"மாமா, இது ஆரம்பக்காரங்களுக்குன்னு அவரே எழுதி வெச்சிருக்காராம்!"

உண்மைதான். 1788 ஜூன் 26 அன்று தன் படைப்புப் பட்டியலில் அப்படித்தான் குறித்தார். அதை நம்பி இறங்கியவர்கள் பாதியில் நிற்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் நான்கு பார் (தாளக் கட்டம்) சுகமாகப் போகும். இடது கையின் ஆல்பர்ட்டி பேஸ் (கார்டின் சுரங்களைப் பிரித்து மாறி மாறி வாசிக்கும் நடை) அம்மாபேட்டைத் தறி மாதிரி விடாமல் ஓட வேண்டும், ஆனால் தறி மாதிரி சத்தம் போடக் கூடாது. ஐந்தாவது பாரில் வலது கைக்கு ஸ்கேல் ஓட்டம் வருகிறது. ஏ, ஜி, எஃப், இ என்று பாருக்குப் பார் ஒரு சுரம் கீழிருந்து தொடங்கி, ஏறி இறங்க வேண்டும். ஒரு விரல் தடுக்கினாலும் அது கேட்டுவிடும். பெடலை அழுத்தி மறைக்கலாம் என்றால் எல்லாம் குழைந்துபோகும். நோட்டு எளிது, வாசிப்பது எளிதல்ல.

பீத்தோவனின் ஜி மேஜர் சோனாட்டா, ஓபஸ் (படைப்பு எண்) 49 எண் 2, இதைவிட இரக்கமுள்ளது. இந்த இரண்டு சோனாட்டாவும் அச்சேறியது ஒரே 1805இல்தான் என்பது வேடிக்கை. பீத்தோவன் இதை எழுதியது என்னவோ 1790களில். மொத்தம் இரண்டே பகுதிகள். முதல் பகுதியில் மும்மூன்றாக வரும் டிரிப்லெட் நடையில் கை பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவதான மினுயெட் (ஒரு நடன வகை) மெட்டை அவரே பிறகு ஏழு கருவிகளுக்கான தன் செப்டெட்டிலும் எடுத்துக்கொண்டார். பழைய பதிப்பில் சத்தக் குறிகள் கிட்டத்தட்ட இல்லை. எங்கே மெதுவாக, எங்கே பலமாக என்று வாசிப்பவரே யோசிக்க வேண்டும். அதனாலேயே எனக்கு இது பிடிக்கும்.

கிளமென்டியின் ஓபஸ் 36 (1797) சோனாட்டினாக்கள், அதாவது குட்டி சோனாட்டாக்கள்? முதலாவதை மே மாத லீவில் முடித்துவிடலாம். விரலுக்கு நல்லது, மனதில் அவ்வளவாகத் தங்காது. ஓட்டம் இன்னும் தடுமாறும் பிள்ளை என்றால் தயங்காமல் இதிலிருந்தே தொடங்குங்கள்.

பீத்தோவனின் 'ஃபூர் எலிசே' கேட்காத வீடு இல்லை. எல்லோரும் வாசிப்பது முதல் பக்கத்தை மட்டும். நடுவில் எஃப் மேஜரில் வரும் வேக ஓட்டத்தைக் காட்டினால் பேச்சு அடங்கிவிடும்.

சரி, கருவி. மொசார்ட் காலத்துப் பியானோவுக்கும் ஐந்து ஆக்டேவ், அதாவது ஐந்து ஸ்தாயிதான். அது எஃப்பில் தொடங்கியது, நம் 61 கீ கீபோர்டு சியில் தொடங்குகிறது. எண்ணிக்கையைவிடக் கீயின் எடைதான் தொல்லை. அக்கா மகள் வீட்டுக் கீபோர்டில் மொசார்ட்டைப் பறக்கவிட்டாள். அப்புறம் ஏற்காட்டில் தெரிந்தவர் வீட்டுப் பழைய பியானோவில் உட்கார்ந்தாள். கீ கனம், போதாததற்கு மழைக்கால ஈரத்தில் இரண்டு கீ அழுத்தினால் எழும்பவே இல்லை. ஐந்தாவது பாரிலேயே கையை எடுத்துவிட்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பேச்சே இல்லை. அடிவாரம் வந்ததும்தான், "அந்த பீத்தோவன் நோட்டு உங்ககிட்ட இருக்கா மாமா?" என்றாள்.