டிகின்டரில் முழுத்திரை: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பைத்தானில் ஒரு விண்டோவை முழுத்திரையாக்க ஒரே வரி போதும். பைத்தானில் விண்டோ, பொத்தான் போன்றவற்றை உருவாக்கும் நூலகமான டிகின்டரின் அட்ரிபியூட்ஸ் மெத்தடில் '-ஃபுல்ஸ்கிரீன்' என்பதற்கு ட்ரூ கொடுத்தால் தலைப்புப் பட்டை, டாஸ்க்பார் எல்லாம் மறைந்துவிடும். நாள் முழுக்க ஓடும் ஓர் அறிவிப்புத் திரைக்குச் சில வருடங்களாக இதைத்தான் வைத்திருக்கிறேன். அந்த வரி ஒருநாளும் தொந்தரவு தந்ததில்லை. வேலை வாங்குவதெல்லாம் அதைச் சுற்றியுள்ள சமாச்சாரங்கள்தான்.

முதலில், வெளியே வரும் வழி. முழுத்திரையில் மூடும் பொத்தான் கிடையாது, எஸ்கேப் விசையை அழுத்தினால் டிகின்டர் தானாக எதுவும் செய்யாது. பைண்ட் மெத்தடால் அந்த விசையோடு ஒரு ஃபங்ஷனை இணைத்து, அதில் '-ஃபுல்ஸ்கிரீன்' மதிப்பை நாமே ஃபால்ஸ் ஆக்க வேண்டும். மவுஸ் அம்பை மறைக்க கர்சர் ஆப்ஷனில் 'நன்' என்று மேற்கோளுக்குள் எழுத வேண்டும். மேற்கோள் இல்லாமல் பைத்தானின் வெற்று மதிப்பைக் கொடுத்தால் டிகின்டர் அதைக் கண்டுகொள்ளாது, அம்பு அப்படியே நிற்கும்.

முழுத்திரைக்கு, தலைப்புப் பட்டையை நீக்கும் ஓவர்ரைடுரீடைரக்ட் மெத்தடைப் பயன்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கமே போவதில்லை. அது விண்டோக்களை நிர்வகிக்கும் விண்டோ மேனேஜரின் பிடியிலிருந்தே விண்டோவை விடுவித்துவிடுகிறது. லினக்ஸில் என்ட்ரி பெட்டியைக் கிளிக் செய்தாலும் சில சமயம் எழுத்து விழாது. விண்டோஸில் டாஸ்க்பாரில் அதற்கு இடமே இருக்காது. தகவல் உள்ளிடும் புரோகிராம் என்றால் முழுத்திரையே எதற்கு? விண்டோவைப் பெரிதாக்கி, தலைப்புப் பட்டையை விட்டுவைக்கும் 'ஜூம்டு' ஸ்டேட் போதும். ஆனால் லினக்ஸில் அந்த ஸ்டேட் பிழை எறியும், அங்கே '-ஜூம்டு' அட்ரிபியூட்தான்.

அதிகம் படுத்துவது அளவுதான். லினக்ஸில் 1920 பிக்சல் மானிட்டர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், திரையின் அகலத்தைத் தரும் வின்ஃபோ_ஸ்கிரீன்வித் 3840 என்று சொல்லும். அதை நம்பி நடுவில் வைத்த எழுத்து முதல் திரையின் விளிம்பில் போய் நிற்கும். விண்டோஸில் வேறு கூத்து: ஸ்கேலிங் 150 சதவீதமாக இருந்தால் அதே 1920 திரை 1280 ஆகத் தெரியும், எழுத்தும் மங்கும். பைத்தானின் சிடைப்ஸ் மாட்யூல் வழியாக விண்டோஸின் செட்பிராசஸ்டிபிஐஅவேர்னெஸ் என்ற ஃபங்ஷனை விண்டோ உருவாக்குவதற்கு முன்பே அழைத்துவிட்டால் சரியாகிவிடும். பைத்தானோடு வரும் 'ஐடில்' எடிட்டரும் இதைத்தான் செய்கிறது. இப்போதெல்லாம் நான் திரையின் அளவைக் கேட்பதே இல்லை. விண்டோவின் அளவு மாறும்போது வரும் கான்ஃபிகர் நிகழ்வில் அதன் சொந்த அகலத்தை எடுத்து, அதற்கேற்ப எழுத்தளவை மாற்றிக்கொள்கிறேன்.

குறிப்பிட்ட ஒரு மானிட்டரில்தான் திறக்க வேண்டும் என்றால் பைசைட் என்ற வேறொரு நூலகத்தைக் கையில் எடுப்பேன். திரைகளின் பட்டியலை அதுவே தரும். வேண்டிய திரையின் பரப்பை விண்டோவுக்குக் கொடுத்து ஷோஃபுல்ஸ்கிரீனை அழைத்தால் முடிந்தது. அறிவிப்புத் திரை மட்டும் டிகின்டரிலேயே ஓடட்டும். வேறு கணினிக்கு மாற்றும்போது பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. உபுண்டு, டெபியன் என்றால் பைத்தான்3-டிகே தொகுப்பைச் சேர்க்க வேண்டியிருக்கும்.